போதும் என்னும் சொல்

முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவனுக்கு ஊரின் அடையாளங்களாக இரண்டு உண்டு. ஒன்று சர்க்கரை ஆலை. மற்றது 2010ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. ஆலைக்கு வரும் கரும்பும், கல்லூரியில் படிக்கப்படும் உடம்பும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன: வளர்ச்சி எப்படி நிற்கிறது?

கரும்பு பயிரிடுகிறவருக்கு இதில் குழப்பம் இல்லை. கரும்பு வேகமாக நீளும் மாதங்களில் அதில் இனிப்பு தங்குவதில்லை. தான் சமைத்ததைத் தானே தின்று வளர்கிறது. வளர்ச்சி தளரும்போதுதான் தண்டில் சர்க்கரை சேர்கிறது. ஆகவே வெட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் அவர் தண்ணீரை நிறுத்துகிறார். இங்கே 'போதும்' என்பது வெளியிலிருந்து வருகிறது. மடையை அடைக்கும் ஒரு கை.

நம்முடைய ஒழுக்கச் சிந்தனையும் பெரும்பாலும் இந்தக் கையை நம்பியதுதான். ஒரு பக்கம் ஆசை, பெருக்கம், உயிரின் வேகம். எதிரே சாஸ்திரம், சட்டம், அப்பா. எல்லை என்பது உயிருக்கு விரோதமாக நிற்கும் காவல்காரன் என்ற சித்திரம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. எல்லைகளை மீறுவதையே சுதந்திரம் என்று நம்மில் பலர் எழுதுவதும் இதே சித்திரத்தைத் தலைகீழாக மாட்டிவைத்துத்தான்.

ஸெல்லுக்குள் நடப்பது வேறு. வளர்ச்சி ஹார்மோன் ஸெல்லின் உள்ளே நுழைந்து வேலை செய்வதில்லை. மேற்பரப்பில் உள்ள ஏற்பியைப் பற்றுகிறது. அதன் உட்பகுதியில் ஜாக்-2 என்ற என்ஸைம் விழித்துக்கொண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அந்த முத்திரையைப் பெற்ற ஸ்டாட்-5 என்ற புரோட்டீன் உட்கருவுக்குள் போய் ஜீன்களை எழுப்புகிறது. வளர்ச்சி தொடங்குகிறது. ஆனால் அவ்வாறு எழுப்பப்படும் ஜீன்களில் ஸாக்ஸ்-2 என்பதும் ஒன்று. அதிலிருந்து பிறக்கும் புரோட்டீன் தன்னைப் பிறப்பித்த ஏற்பியிடமே திரும்பி வந்து, 'அழிக்கத் தக்கது' என்ற அடையாளம் அதன்மேல் விழச் செய்கிறது. வேறு என்ஸைம்கள் பாஸ்பேட்டுகளைக் களைகின்றன. செய்தி அடங்குகிறது. 'வளர்' என்ற உத்தரவின் வாசகத்திலேயே 'போதும்' என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

2000ல் ஆஸ்திரேலியாவில் டொனால்ட் மெட்காஃபும் சகாக்களும் இந்த ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி எழுதினார்கள். வளர்ந்த ஆண் சுண்டெலிகள் சாதாரணமானவற்றைவிட 30 முதல் 40 சதவிகிதம் கூடுதல் எடையுடன் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு முடிவு இதைவிட விசித்திரமானது. ஸாக்ஸ்-2 மிகையாக உற்பத்தியாகும்படி செய்த சுண்டெலிகளும் பெருத்தன. அளவு மீறிய ஸாக்ஸ்-2 மற்றத் தடைகளின் இடத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் ஆக்குகிறது என்பது ஒரு விளக்கம். அடக்கம் அளவு மீறினால் அதுவும் மீறலாகத்தான் முடிகிறது.

இன்னொன்று. இந்த ஹார்மோன் இடைவிடாமல் சுரப்பதில்லை; விட்டுவிட்டு, அலையாக வருகிறது. ஆண் எலியில் ஏறக்குறைய மூன்றரை மணிக்கு ஒருமுறை. நடுவில் மௌனம். அந்த மௌனம் இல்லாமல் ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தினால், ஈரல் ஸெல்லில் ஸ்டாட்-5ன் எழுச்சி மங்கிவிடுகிறது. அடங்கிய ஸெல்தான் அடுத்த அழைப்பை முழுதாகக் கேட்கிறது. நிறுத்தம் வளர்ச்சியின் எதிரி அல்ல, அதன் செவி.

இதிலிருந்து அறத்தைப் பிழிந்தெடுக்கலாமா? கூடாது. ஸெல்லுக்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் ஒழுக்கம் இல்லை. 'இயற்கையே இப்படி' என்று சொல்லி ஜாதியைக்கூட நியாயப்படுத்திய மரபு நம்முடையது. நான் சொல்ல வருவது சிறியது. எல்லையைப் பற்றிய காவல்காரன் சித்திரம் ஒன்றுதான் சாத்தியம் என்பதில்லை. குறளில் 'அடக்கமுடைமை' துறவறவியலில் வைக்கப்படவில்லை, இல்லறவியலில் இருக்கிறது. வாழ்வை விட்டு விலகுகிறவனுக்கு அல்ல, வாழ்ந்து பெருகுகிறவனுக்கே அது கேட்கப்பட்டிருக்கிறது.

ஸெல்லுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் சங்கடம். கரும்பின் வளர்ச்சியை எப்போது நிறுத்துவது என்று நமக்குத் தெரிகிறது. அந்தக் கரும்புக்காக இறக்கும் போர்வெல்லை எத்தனை அடியில் நிறுத்துவது என்று தெரியவில்லை. தண்ணீர் இன்னும் கீழே போகும்போதுதான் மடைக்காரனைத் தேடுகிறோம். அவன் வரும்போது காலம் கடந்திருக்கிறது; வந்தாலும் அவனை விரோதியாகவே பார்க்கிறோம். நம்முடைய ஆசைகளோடு 'போதும்' என்பது கூடப் பிறப்பதில்லை. அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும், அதுவும் ஆசையின் முதல் வாக்கியத்தை எழுதும்போதே. ஸெல்லுக்கு அது இயக்கம். நமக்கு அது பொறுப்பு. ஒழுக்கம் என்ற பெயருக்குரிய வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.