இடிந்த சுவருக்கு என்ன விலை?

லண்டனில் நடக்கும் ஏலம் ஒன்றின் கேட்லாக்கை நண்பர் கொண்டுவந்து காட்டினார். பழைய வாட்டர்கலர் ஓவியம். இடிந்த கோட்டை. மதில் மேல் மரம் முளைத்திருக்கிறது. கீழே மாடு மேய்க்கிற பையன், கட்டை விரல் அளவுகூட இல்லை. எதிர்பார்க்கும் விலை நம்மூர்க் கணக்கில் சில லட்சம்.

பக்கத்திலேயே சின்ன எழுத்தில் படத்தின் குறைகளைப் போட்டிருந்தார்கள். மூலையில் மடிப்பு, மேலே பழுப்புக் கறை, ஓரத்தில் கிழிசல். இதெல்லாம் விலையைக் குறைக்குமாம்.

"அப்போ கோட்டைச் சுவத்துல இருக்கற ஓட்டை?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சார் விலையே!" என்று சிரித்தார்.

நான் பி.காம். படித்தவன். கட்டடம் என்றால் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தேய்மானத்தையே படமாக வரைந்து மாட்டினால் மதிப்பு ஏறும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வியாபாரம் நம்ம பக்கத்துக்குப் புதுசு கிடையாது. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் என்று இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1786-ல் கல்கத்தா வந்து இறங்கினார்கள். 1792-ல் தெற்கே வந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை வரைந்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை, இடிந்து கிடந்த கோலத்திலேயே வரைந்தார்கள். ஊர் திரும்பி, 'ஓரியண்டல் சீனரி' என்று 144 படங்களை 1795 முதல் 1808 வரை வெளியிட்டார்கள். இன்றைக்கும் ஏலத்தில் டேனியல் படம் வந்தால் கை தூக்க ஆள் உண்டு.

அவர்கள் வந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1773-ல் ஆற்காடு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து தஞ்சைக் கோட்டையைப் பிடித்தன. ராஜா துளஜாவுக்கு நாடு திரும்பக் கிடைத்தது 1776-ல்தான். மூச்சு விடுவதற்குள், 1781-ல் ஹைதர் அலியின் படை புகுந்து ஊர்களைச் சூறையாடியது. நெல் விளைந்த பூமி தரிசாகக் கிடந்தது. அதற்குப் பதினோரு வருஷம் கழித்து ஓவியர்கள் வருகிறார்கள். படத்தில் வெயில்கூட இதமாக அடிக்கிறது!

அடுத்தவர் வீடு இடிந்ததை அழகு என்று ரசிப்பது தப்பா?

அவசரப்பட்டு வெள்ளைக்காரனைத் திட்ட வேண்டாம். அவன் வரைந்திருக்காவிட்டால் அன்றைய மதுரை அரண்மனை எப்படி இருந்தது என்று நமக்கு யார் காட்டியிருப்பார்கள்? அதைப் பிரித்ததும் அவன் இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர், திருச்சியில் தனக்கு அரண்மனை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சத்தைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு.

பேரன் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் சுருக்கென்கிறது. காரணம் இருக்கிறது.

திருவையாறு பக்கம் எங்கள் தாத்தா வீடு. இரண்டு கட்டு, நடுவில் முற்றம், திண்ணையில் தேக்குத் தூண்கள். பங்காளிகள் நாலு பேர். நாலு ஊரில் வேலை. ஒரு ஐப்பசி மழையில் ஓடு சரிந்தது. அடுத்த மழையில் உத்தரம் இறங்கியது. கடைசியில் விற்றுவிட்டோம். தூண்கள் ஏதோ ஒரு ரிசார்ட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

விற்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்தேன். உடைந்த கூரை வழியாக முற்றத்துத் தூணில் சாயங்கால வெயில் விழுகிறது. பெரிதாக்கி, பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லோரும் "பிரமாதம்" என்பார்கள்.

அத்தை வந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஓடு மாத்த ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுங்கடான்னு எத்தனை தடவை கேட்டேன்? அப்ப ஒருத்தன் கையிலயும் காசு இல்ல. ஏண்டா, இந்தப் பிரேமுக்கு எவ்வளவு ஆச்சு?"

பதில் சொல்லவில்லை. சொல்கிற தொகையா அது!

அன்றைக்குத்தான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. ஹைதர் காலத்து இடிபாட்டை நான் தடுத்திருக்க முடியாது. கேட்லாக்கில் இருக்கும் கோட்டைக்கும் என்னால் ஒரு செங்கல் வைத்திருக்க முடியாது. அவற்றை நான் ரசிக்கலாம், காசு இருந்தால் வாங்கி மாட்டலாம். யாருக்கும் துரோகம் இல்லை. ஆனால், ஓடு மாற்றியிருக்க வேண்டியவனே நின்று ரசிக்கிறான் பாருங்கள், அங்கேதான் உதைக்கிறது. அழகு என்ற பேரில் அவன் தன் கணக்கை நேர் செய்துகொள்கிறான்.

போட்டோவை நான் கழற்றவில்லை. பார்க்கும்போதெல்லாம் அத்தை கேட்டது ஞாபகம் வருகிறது. வரட்டும்.

காவிரிக் கரையோரம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடு சரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஒன்று உங்கள் வீடாக இருந்தால், செல்போனை எடுத்துப் படம் பிடிப்பதற்கு முன்னால் அதே போனில் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஓடு என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.