கேட்டவர்க்குச் சொல்லும் அமானிதம்

ஒருவர் தம் கைவேலையைக் கொண்டுவந்து நம்முன் வைத்து, "எப்படியிருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்கின்றார். விடை சொல்வது எளிதுபோலத் தோன்றும். "நன்றாயிருக்கிறது" என்னும் ஒரு சொல்லால் அவரையும் மகிழ்வித்து, நம் நேரத்தையும் மிச்சப்படுத்திக் கொள்ளலாம். ஆயின், அந்த வேலைக்குப் பின்னே அவருடைய நான்காண்டு உழைப்பும், கைச்சேமிப்பும், விட்டுவந்த உத்தியோகமும் இருக்குமாயின், அந்த ஒரு சொல்லின் எடை என்ன? அதைச் சொல்லியவர் எதற்கேனும் பொறுப்பாளியா?

இக்கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. கணினி விளையாட்டு என்றதும் நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் பெருநிறுவனங்களே நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு அப்பால், தனியொருவராகவோ இருவர் மூவராகவோ கூடி, முதலாளி எவருமின்றி விளையாட்டுகளை இயற்றுவோர் உலகெங்கும் உளர். ‘இண்டி’ ஆக்குநர் என்று அவர்களைக் குறிப்பர். எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் ஓவியம், இசை, கதை, நிரல் ஆகிய அனைத்தையும் தாமொருவரே செய்து, ஏறத்தாழ நாலரை ஆண்டு உழைத்து, 2016 பிப்ரவரியில் ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் உழவு விளையாட்டை வெளியிட்டார். அது கோடிக்கணக்கில் விற்றது. அவர் வென்றார், ஆகவே அவர் கதை நமக்குத் தெரிகிறது. ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையொன்றில் மட்டும் 2024-ஆம் ஆண்டில் 18,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்து குவிந்தன. 100 டாலர் கட்டினால் எவரும் அங்கே கடை விரிக்கலாம். வாங்கியவர் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு, 14 நாட்களுக்குள் வேண்டாமென்று சொன்னால் பணத்தைத் திரும்பப் பெறலாம். முதற் பத்து நிமிடங்களில் ஆடுபவர் குழம்பிப்போனால் நான்காண்டு உழைப்பு அன்றே திருப்பியனுப்பப்படும். அந்தக் குழப்பத்தை முன்கூட்டியே கண்டு சொல்லக்கூடியவர் அத்தொழிலில் உள்ள மற்றொருவரே.

விளையாட்டுக்கு இத்தனை விசாரமா என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எந்த விளையாட்டு கூடும், எது கூடாது என்பது வேறு வழக்கு. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். இங்கே நம் நோக்கம் சொல்லின் மீதுள்ள கடமையைப் பற்றியது.

மார்க்கமே நஸீஹத்துத்தான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். நஸீஹத் என்றதும் மிம்பரில் நின்று செய்யும் உபதேசத்தையே நாம் நினைக்கின்றோம். அரபு மொழி அகராதியாளர்களோ அச்சொல்லின் வேரில் இரண்டு தொழில்களைக் காட்டுகின்றனர்: தேனிலிருந்து மெழுகைப் பிரித்துத் தூய்மையாக்குவது ஒன்று, கிழிந்த துணியைத் தைப்பது மற்றொன்று. கிழிசலைச் சுட்டிக்காட்டுவதோடு நில்லாமல் ஊசியும் நூலும் எடுப்பவனே நாஸிஹ் ஆகின்றான். ஆலோசனை கேட்கப்பட்டவர் நம்பிக்கைக்குரியவராக்கப்படுகின்றார் என்பதும் நபிமொழி. கேள்வி கேட்கப்பட்ட அந்தக் கணத்திலேயே பிறருடைய பொருளொன்று நம் கையில் அமானிதமாக வந்து சேர்ந்துவிடுகிறது.

இனி, நடைமுறை எப்படி இருக்கிறதென்று பார்ப்போம். 2002-இல் தோன்றிய ‘லூடம் டேர்’ என்னும் போட்டியில், தனியொருவராக 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டைச் செய்துமுடிக்க வேண்டும். அதற்குத் தனி நடுவர் இல்லை. பங்கேற்றோரே ஒருவர் ஆக்கத்தை மற்றவர் ஆடிப்பார்த்து மதிப்பெண்ணும் கருத்தும் வழங்கினர். பிறர் ஆக்கங்களை மிகுதியாக மதிப்பிட்டவரின் ஆக்கம் மற்றவர் கண்ணில் முதலில் படும்படியும் ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குபவனே கொடுக்கவும் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் இத்தகைய எந்த ஏற்பாட்டிலும் ஒரு நோய் மறைந்திருக்கிறது. கருத்து, மொய்ப்பணம் போல் ஆகிவிடுகிறது. நான் உன் வீட்டுக் கலியாணத்தில் எழுதியதை நீ என் வீட்டுக் கலியாணத்தில் திருப்பி எழுத வேண்டும். "ஓவியம் அழகு, இசை இனிமை, வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கின்றார் மனிதர். அவர் சொன்னதில் பொய்யொன்றும் இல்லை. ஓவியம் மெய்யாகவே அழகாயிருந்திருக்கலாம். எனினும், அவர் ஆட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வழி தெரியாமல் நிறுத்திவிட்டார் என்பதைச் சொல்லவில்லை. ஆக்குநருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு செய்தியே.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தொழுகை, ஜகாத் ஆகியவற்றோடு ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகவும் பெருமானாரிடம் பைஅத் செய்தவர்கள். அவர்களுக்காக ஒரு குதிரை 300-க்கு விலை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், அதன் மதிப்பு அதனினும் கூடுதல் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 கொடுத்து வாங்கினார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. மொய்க்கணக்கு முற்றிலும் அறுந்துபோன இடம் அது. தமக்கு நட்டமாயினும், தமக்குத் தெரிந்ததை எதிரிலிருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எண்ணினார்கள்.

ஆயின் நல்லெண்ணம் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நமக்குப் பெருஞ்சான்று உண்டு. மதீனத்து மக்கள் ஆண் பேரீச்சையின் பூந்தாதைப் பெண் மரத்தில் இட்டு மகரந்தம் சேர்ப்பதைக் கண்ட பெருமானார் (ஸல்), அதைச் செய்யாவிடினும் நலமாயிருக்கலாமே என்னும் கருத்தைத் தெரிவித்தார்கள். மக்கள் விட்டுவிட்டனர், விளைச்சல் குறைந்தது. அப்போது, உலகத் தொழில்களைப் பற்றி நீங்களே நன்கறிந்தவர்கள் என்னும் பொருள்பட அவர்கள் கூறியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. வஹீ இறங்கிய அந்த நாவே தொழில்நுட்பத்தில் தன் அபிப்பிராயத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டது. இரண்டு விளையாட்டுகளை இயற்றிவிட்ட ஒருவர் மூன்றாமவருக்குத் திட்டவட்டமாக ஆணையிடுமுன் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

ஆகவே, கண்டதைச் சொல்வது வேறு, மருந்தெழுதிக் கொடுப்பது வேறு. "குதிக்கும் பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை" என்று ஒருவர் குறை சொல்வார். ஆக்குநர் நிரலைச் சோதித்தால் பொத்தானில் பிழையே இராது. மேடையின் விளிம்பைத் தாண்டி ஒரு கணம் கழித்தே ஆடுபவர் பொத்தானை அழுத்தியிருப்பார். அதற்குள் பாத்திரம் காற்றில் இருக்கும். கணினியின் கணக்கில் அது குதிக்க இயலாத நிலை. மனிதக் கண்ணுக்கோ தான் விளிம்பில் நிற்பதாகவே படும். 2018-இல் வெளிவந்த ‘செலஸ்ட்’ என்னும் மலையேறும் விளையாட்டின் ஆக்குநர்கள், பாத்திரத்தின் அசைவை ஆளும் நிரலைப் பிற்பாடு பொதுவில் வைத்தனர். விளிம்பைக் கடந்தபின்னும் 0.1 வினாடிவரை குதிக்கலாம் என்னும் சலுகை அதில் எழுதப்பட்டிருக்கிறது. குறை சொன்னவர் தம் உணர்ச்சியில் சரி. காரணம் சொன்னதில் தவறு. "இந்த இடத்தில் மூன்று முறை விழுந்தேன், ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தியதாகவே நினைத்தேன்" என்று மட்டும் அவர் கூறியிருப்பாராயின், அதுவே பொன்னான சாட்சியமாயிருந்திருக்கும். மார்க்கத்திலும் சாட்சி தான் கண்டதையே சொல்லக் கடமைப்பட்டவன், தீர்ப்பு காஜியினுடையது.

பத்ருக்குச் செல்கையில் படை ஓரிடத்தில் இறங்கியபோது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) முதலில் ஒரு வினாவையே எழுப்பினார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகின்றார்: இந்த இடம் அல்லாஹ்வின் கட்டளையால் அமைந்ததா, போர்த் தந்திரமாகத் தேர்ந்ததா? தந்திரமே என்று விடை வந்தபின்தான் கிணறுகளை ஒட்டி நகரும் யோசனையை முன்வைத்தார்கள். எது மாற்றத்தக்கது, எது மாற்றத்தகாதது என்று கேட்டறிவது ஆலோசனையின் முதற்படி. பென்னட் ஃபாடி என்பார் 2017-இல் வெளியிட்ட விளையாட்டொன்றில், அண்டாவுக்குள் உட்கார்ந்த மனிதன் சம்மட்டியொன்றை ஊன்றி மலையேறுகின்றான். கை சற்றுத் தவறினால் மணிக்கணக்கில் ஏறியதெல்லாம் வீணாகிக் கீழே விழுவான். நல்லெண்ணமுள்ள ஆலோசகர் எவரும் அதைக் கண்டவுடன், "சம்மட்டியின் அசைவை எளிதாக்குங்கள், விழுந்தவன் பாதியிலிருந்து தொடர வழி செய்யுங்கள்" என்றே சொல்லுவார். அவ்விளையாட்டின் உயிரோ அந்த விழுதலில்தான் இருக்கிறது.

கற்றோரிடையே வேறொரு நோய் உண்டு. அது தம் கல்வியைக் காட்டுவதற்காகவே குறை காண்பது. ஆறு ‘வி’ எழுத்துகளையே பெயராகக் கொண்ட டெர்ரி கேவனாவின் விளையாட்டு 2010-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. பத்தாண்டு நிறைவில், 2020 ஜனவரியில் அதன் மூலநிரலை அவர் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட ஒரே நீண்ட கட்டளைத் தொகுதியைக் கண்டு நிரலர்கள் வியந்தனர், சிலர் நகைத்தனர். பாடநூல் விதிப்படி அது அலங்கோலமே. ஆயினும் விளையாட்டு பத்தாண்டாக ஆடப்பட்டுவந்தது. வெளியிடுமுன் எவரேனும் "அனைத்தையும் அழித்து ஒழுங்காக எழுது" என்று அவரைக் கட்டாயப்படுத்தியிருப்பின் யாருக்கு என்ன இலாபம்?

இதற்கு மாறாக, கேளாமலே சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. பாத்திரம் ஒவ்வொரு சட்டத்துக்கும் 5 புள்ளி நகரவேண்டுமென்று ஒருவர் எழுதிவிடுகின்றார். வினாடிக்கு 60 சட்டம் காட்டும் அவருடைய திரையில் அது 300 புள்ளி வேகம். வினாடிக்கு 144 சட்டம் காட்டும் திரையுள்ளவர் வீட்டிலோ 720 புள்ளி வேகமாகிறது, ஆட்டமே நாசமாகும். கழிந்த நேரத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் தீர்ந்துபோகும் குறை இது. ஆனால் தம் கணினியில் ஆக்குநர் இதை ஒருபோதும் காணமாட்டார். ரசனையைப் பற்றிக் கேட்டபின் சொல்லலாம். குழியைப் பற்றிக் கேட்கும்வரை காத்திருத்தல் தகாது. அதையும் பலர் கூடிய இடத்தில் முழங்காமல் தனியே எழுதுவது மேல். வெளியீட்டுக்கு முந்திய இரவில் கதையமைப்பைக் குறை சொல்வதால் அவர் தூக்கம் கெடுவது தவிர வேறு பயனில்லை. இந்த வேகக்குறையை அந்த இரவிலும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. "இதை நம்பி வேலையை விடலாமா?" என்று அவர் கேட்டால்? பலர் இங்கே மழுப்புகின்றனர். மனத்தைப் புண்படுத்தலாகாது என்பது சாக்கு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மை மணம் பேசிய இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் கையில் பொருளில்லாதவர், மற்றவர் தோளிலிருந்து கோலை இறக்காதவர் என்று பெருமானார் (ஸல்) ஒளிவின்றிச் சொன்னார்கள். வேறு சமயத்தில் புறமாகக்கூடிய பேச்சு, வாழ்க்கையைப் பணயம் வைக்க இருந்தவர் கேட்டதால் கடமையாயிற்று. ஆகவே இந்தத் தோழருக்கும் மழுப்பலின்றி, அளந்து, தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்: அறிமுகமற்ற பத்துப் பேரிடம் இதைக் கொடுத்து, அருகில் இருந்து, வாய் திறவாமல் பாருங்கள். எத்தனை பேர் தாமாகவே இறுதிவரை ஆடினர், எத்தனை பேர் எந்த இடத்தில் கையை எடுத்தனர் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் கட்டத்தில் நிறுத்திவிட்டேன்; மேலே செல்லும் ஆசை எனக்கு எழவில்லை. கைப்பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து கணக்கிட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் என்னிடம் கொண்டு வாருங்கள்; அந்த மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.