கூடிக் கற்றல்: யூத மரபில் சபையும் வேதக் கல்வியும்

யூதர் ஒருவர் தனியாக நின்று இறைவனை வேண்டலாம். எந்தத் தடையும் இல்லை. ஆனால் வழிபாட்டின் உயர்ந்த பகுதிகள் சிலவற்றைத் தனியாகச் சொல்லக் கூடாது. இறைவனின் தூய்மையைப் போற்றும் கெதுஷா, பெற்றோரை இழந்தவர்கள் சொல்லும் கதீஷ், மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளைத் திறந்து சபைமுன் வாசிப்பது ஆகியவற்றுக்கு வயதுவந்த பத்துப் பேர் (மரபுப்படி ஆண்கள்) கூடியிருக்க வேண்டும். இந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய ஞானிகளாக இருந்தாலும் பத்தாவது ஆள் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பக்தி என்பது மனிதனின் உள்ளத்துக்கும் இறைவனுக்கும் இடையிலானது என்றால், பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது எதற்காக முக்கியமாக வேண்டும்? யூத மரபு இந்தக் கேள்விக்குத் தத்துவ நூல் எழுதி விடை சொன்னதைவிட, சட்டத்தாலும் கதையாலும் அன்றாடப் பழக்கத்தாலும் சொன்ன விடையே அதிகம். அந்த விடையில் கூடி வழிபடுவதும் கூடிக் கற்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பத்து என்ற எண்ணுக்கு, ரபிகள் எனப்படும் சமய அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் காட்டும் ஆதாரம் வியப்பானது. எண்ணாகமத்தில் கானான் நாட்டை வேவு பார்க்க மோசே பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். அவர்களில் பத்துப் பேர் அஞ்சித் திரும்பி, மக்களின் நம்பிக்கையையும் குலைக்கிறார்கள். அந்தப் பொல்லாத பத்துப் பேரை வேதம் 'சபை' என்று குறிப்பதால், சபைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று ரபிகள் முடிவு செய்தார்கள். குற்றவாளிகள் என்று வேதமே தீர்ப்பளித்தவர்களை வைத்துப் புனிதக் கூட்டத்தின் அளவை வகுத்தது தற்செயலாக இருந்தாலும், பிற்காலச் சட்டம் அதே திசையில்தான் போனது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்ற சட்டநூல், கட்டளைகளை மீறியவனும் சபையிலிருந்து விலக்கப்படாதவரை பத்தில் ஒருவனாக எண்ணப்படுவான் என்கிறது. ஒருவர் எதை நம்புகிறார், எவ்வளவு நம்புகிறார் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. வந்து நிற்பதுதான் முதல் கடமை. நம்பிக்கை பிறகு வளரலாம், வளராமலும் போகலாம்.

கதீஷ் சொல்லும் வழக்கத்தில் இந்த ஏற்பாட்டின் கருணை தெரிகிறது. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அந்தத் துதியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறைவனின் பெயர் பெருமைப்பட வேண்டும் என்ற வேண்டுதலே உள்ளது. தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதம் நாள்தோறும் அதைச் சொல்வது வழக்கம். பத்துப் பேர் இல்லாமல் சொல்ல முடியாது என்பதால், துக்கத்தில் அறைக்குள் முடங்கிவிடக்கூடிய மனிதர் தினமும் எழுந்து மற்றவர்களிடம் போகிறார். முதல் ஏழு நாட்கள் அவர் வீட்டைவிட்டு வெளியேறாததால் சபையே அவர் வீட்டுக்கு வருகிறது. துக்கப்படுபவரைத் தனியே விடாதீர்கள் என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், தனியே விட முடியாதபடி சட்டத்தையே இப்படி அமைத்திருப்பது யூத மரபின் ஆழமான நுண்ணறிவுகளில் ஒன்று.

அதே சட்டத்தின் கடுமையைக் கொச்சியில் பார்க்கலாம். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் கொச்சி யூதச் சமூகத்தின் கருவூலம். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆலயம் நின்றது, சுருள்கள் இருந்தன, எஞ்சிய சிலரின் பக்தியும் குறையவில்லை. ஆனால் ஆண்கள் பத்துப் பேர் சேராத நாட்களில் சபை வழிபாடு நடக்கவில்லை. வெளியூர் யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கையை நிறைவு செய்ய வேண்டியிருந்தது. கட்டடமும் நூலும் சேர்ந்தாலும் அவை சபையாகிவிடுவதில்லை.

ஜெப ஆலயம் என்றவுடன் ஜெபம்தான் நினைவுக்கு வரும். பழைய சான்று ஒன்று வேறு செய்தி சொல்கிறது. 1913இல் எருசலேமில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டொன்றில், தெயோதோத்தோஸ் என்ற குரு தாம் கட்டிய ஆலயத்தின் நோக்கத்தைப் பொறித்திருக்கிறார். சட்டத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் அது கட்டப்பட்டது. தூரத்திலிருந்து வருவோர் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் உண்டு. ஜெபத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் கோவிலை அழித்தபோது பலியும் குருமாரின் ஊழியமும் நின்றுபோயின. யோகனான் பென் சக்காயும் அவரைச் சேர்ந்த ரபிகளும் யாவ்னே என்ற ஊரில் கூடினார்கள். பலிபீடம் இருந்த இடத்தைக் கல்வியும் ஜெபமும் நற்செயலும் நிரப்பின.

தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டில் முழுவதும் வாசிக்கப்படுகிறது. ஓய்வுநாளில் மட்டுமின்றித் திங்களிலும் வியாழனிலும் சுருள் திறக்கப்படும். ஓய்வுநாள் காலையில் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். சிம்ஹாத் தோரா திருநாளன்று உபாகமத்தின் கடைசி வரிகளை முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்கிவிடுவார்கள். படித்து முடித்தவர் என்று யாரும் இல்லை. ஏழையும் செல்வரும் நோயாளியும் முதியவரும் சாகும் நாள்வரை கற்கக் கடமைப்பட்டவர்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் எழுதினார்.

கற்கும் முறைதான் இந்த மரபின் தனிச்சிறப்பு. பாடசாலையில் நூல்களைச் சுற்றி அமைதி நிலவும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் திகைத்துப்போவார். இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒரே பத்தியை உரக்கப் படித்து, கையை ஆட்டி வாதாடிக்கொண்டிருப்பார்கள். இந்த இணைக்கு ஹவ்ருதா என்று பெயர். இதன் இலக்கணத்தைத் தல்மூத் ஒரு சோகக் கதையில் வைத்திருக்கிறது. ரேஷ் லாகிஷ் கொள்ளையராக இருந்தவர். ரபி யோகனான் (முன்பு சொன்ன பென் சக்காய் அல்லர்) அவரைக் கல்விக்குத் திருப்பித் தம் தங்கையையும் மணமுடித்துக் கொடுத்தார். ஒருநாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையடைந்த பொருளாகின்றன என்ற விவாதத்தில், கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும் என்று யோகனான் குத்திக் காட்டிவிட்டார். உறவு முறிந்தது. ரேஷ் லாகிஷ் நோயுற்று இறந்தார். யோகனானைத் தேற்ற எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி ஆமோதித்தார். அது யோகனானின் துயரத்தை ஆற்றவில்லை, பெருக்கியது. நான் சொன்னதற்கெல்லாம் ரேஷ் லாகிஷ் இருபத்துநான்கு மறுப்புகள் சொல்வார், நான் இருபத்துநான்கு விடைகள் தருவேன், அதில்தான் பாடம் விரிந்தது என்று அழுதார். உடையைக் கிழித்துக்கொண்டு அலைந்து, மதி கலங்கி மாண்டார்.

மறுத்துப் பேச ஆளில்லாதவனின் அறிவு தேங்கிவிடும் என்பது இக்கதையின் ஒரு பக்கம். மறுப்பு அவமதிப்பாக மாறினால் உயிரையே வாங்கும் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்தே கற்பித்தார்கள். ஒரு மனிதனுக்கு உண்மையின் ஒரு பக்கமே தென்படும் என்ற எண்ணம் இதற்கு அடியில் ஓடுகிறது. தோற்ற கருத்துகளையும் தல்மூத் பதிவு செய்து வைத்திருப்பதன் நியாயமும் அதுதான். எழுபது ஆண்டு உறங்கி எழுந்த ஹோனி என்பவரின் கதையும் இதையே சொல்கிறது. பாடசாலையில் அவர் பெயரைச் சொல்லிப் புகழ்கிறார்கள். ஆனால் எதிரே நிற்பவர் அவர்தான் என்று ஒருவரும் நம்பவில்லை. புகழ் இருந்தது, தோழமை இல்லை. அவர் சாவை வேண்டிப் பெற்றார்.

இவ்வளவு இன்றியமையாத ஒரு கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது? பேரறிஞர் ஹில்லேல் கூலியாளாக இருந்த காலத்தில், தினக்கூலியில் பாதியைப் பாடசாலைக் காவலாளிக்குக் கொடுத்து உள்ளே போவார். கூலி கிடைக்காத ஒரு குளிர்கால நாளில் கூரைச் சாளரத்தின்மேல் படுத்துப் பாடம் கேட்டு, பனியில் புதைந்துபோனார் என்று தல்மூத் சொல்கிறது. பிற்காலத்தில் யாவ்னேயில் கமாலியேல் தலைவராக இருந்தபோதும் வாசலில் காவல் இருந்தது. உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் நுழையக் கூடாது என்பது அவர் விதி. கேட்பதற்கு உயர்ந்த விதிதான். ஆனால் பிறர் உள்ளத்தை யார் அளப்பது? ரபி யோசுவாவைச் சபைமுன் அவமதித்ததற்காகக் கமாலியேல் பதவியிழந்தார். எலெயாசர் பென் அசரியா தலைவரானார். அன்றே காவலாளி நீக்கப்பட்டான். நானூறு பெஞ்சுகள் கூடின என்கிறது ஒரு கருத்து, எழுநூறு என்கிறது மற்றொன்று. தீர்க்கப்படாமல் கிடந்த சட்டச் சிக்கல் எதுவும் அன்று மிஞ்சவில்லை. அம்மோனியனான யூதா என்ற மதம் மாறியவர் சபையில் சேரலாமா என்ற கேள்வியும் அன்றுதான் எழுந்தது. கமாலியேல் கூடாதென்றார், யோசுவா கூடுமென்றார், யோசுவாவின் கருத்தே நின்றது. பதவி போன கமாலியேல் அன்றும் பாடசாலையை விட்டு ஒரு நாழிகைகூட விலகாமல், மாணவர்களுள் ஒருவராக உட்கார்ந்து வாதாடித் தோற்றார். தல்மூதில் தலைவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிடப் பெரிய புகழுரை வேறில்லை எனலாம்.

மதம் மாற வருபவரிடம் இன்றும் அவசரம் காட்டுவதில்லை. துன்புறும் இனத்தோடு ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்க வேண்டும், எளிய கட்டளைகள் சிலவும் கடியவை சிலவும் சொல்லித்தர வேண்டும், அதற்குமேல் சுமத்தக் கூடாது என்பது தல்மூத் விதி. நடைமுறையில் அவர் ஓராண்டோ அதற்கு மேலோ சபையோடு ஓய்வுநாட்களைக் கழித்துக் கற்றபின் மூவர் மன்றத்தின் முன் நிற்கிறார்.

பெண்களுக்கு வாசல் திறக்க நெடுங்காலம் ஆனது. மகளுக்குத் தோரா கற்பிக்கத் தந்தை கடமைப்பட்டவன் என்று பென் அஸ்ஸாய் சொன்னதைப் புறந்தள்ளி, கூடாதென்ற ரபி எலியேசரின் கருத்தே பல நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1917இல் கிராக்கோவில் தையற்காரியான சாரா ஷெனிரர் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கினார். அது பெரிய பள்ளி இயக்கமாக வளர்ந்தது. அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவு 1973இல் பெண்களை மின்யானில் எண்ண அனுமதித்தது. மரபுவழி நிற்கும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் ஆண்களையே எண்ணுகின்றன. கல்வியில் மாற்றம் வேகமாக வந்திருக்கிறது. நாளுக்கு ஓர் ஏடு வீதம் பாபிலோனியத் தல்மூதின் 2,711 ஏடுகளை ஏழரை ஆண்டுக்குள் படிக்கும் தாஃப் யோமி திட்டத்தை ரபி மெயிர் ஷாபிரோ 1923இல் வியன்னா மாநாட்டில் முன்வைத்தார். உலகெங்கும் ஒரே நாளில் ஒரே ஏடு படிக்கப்படுகிறது. 2020 ஜனவரியில் 13ஆவது சுற்று நிறைவடைந்தபோது, எருசலேமில் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடித் தங்கள் நிறைவைக் கொண்டாடினார்கள்.

சபை இல்லாமல் சமய வாழ்வு இல்லை என்றால், சபையிலிருந்து விலக்குவது மிகக் கொடிய தண்டனையாகிறது. 1656 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் சபை 23 வயது தத்துவவாதி ஸ்பினோசாவை விலக்கியது. அவரோடு பேசவோ அவர் எழுதியதைப் படிக்கவோ கூடாதென்று தடை விதித்தது. அவர் திரும்பி வரவில்லை, வேறு மதத்திலும் சேரவில்லை. மைமோனிடஸே, பாவம் ஏதும் செய்யாமல் சபையை விட்டு ஒதுங்கி நிற்பவனுக்கும் மறுமையில் பங்கில்லை என்று எழுதியவர். இந்தக் கடுமையை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தல்மூதிலேயே வேறொரு வழியும் உண்டு. நம்பிக்கையைத் துறந்த எலிசா பென் அபுயாவிடம் ரபி மெயிர் தொடர்ந்து பாடம் கேட்டார். ஓய்வுநாள் ஒன்றில் எலிசா சட்டத்தை மீறிக் குதிரையில் போக, மெயிர் பின்னால் நடந்தார். ஓய்வுநாளில் நடக்கத் தகும் எல்லை இதுதான், குதிரையின் காலடிகளை எண்ணி வந்தேன், நீ திரும்பிப் போ என்றார் எலிசா. தாம் கைவிட்ட சட்டத்தை மாணவர் மீறிவிடாதபடி காத்தவரை ஆசிரியர் அல்லர் என்று எப்படிச் சொல்வது?

நவீன காலத்தில் சபையை விட்டு விலகியவர்கள் மிகப் பலர். பெரும்பாலும் யாரும் விலக்காமலே விலகியவர்கள். அவர்களுக்காக 1920இல் பிராங்க்பர்ட்டில் தத்துவவாதி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் ஒரு கல்விக்கூடத்தைத் தலைமையேற்று நடத்தினார். வேதத்திலிருந்து வாழ்க்கைக்குப் போவது பழைய கல்வி. வாழ்க்கையிலிருந்து, வேதத்தை அறியாத உலகிலிருந்து, வேதத்துக்குத் திரும்புவது புதிய கல்வி என்பது அவர் கொள்கை. அதனால் ரபிகளோடு வேதியியலாளரும் மருத்துவரும் அங்கே கற்பித்தார்கள். தெரியாமை அங்கே தகுதிக்குறைவு ஆகவில்லை. கட்டளைகளைப் பற்றி மற்றொரு யூதத் தத்துவவாதியான மார்ட்டின் பூபருக்கு 1923இல் எழுதிய கட்டுரையில், எது தன்னோடு பேசும் என்பதைச் செய்து பார்க்காமல் முன்கூட்டி அறிய முடியாது என்று வாதிட்டார். 1929இல் அவர் இறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பூபர் அந்தக் கூடத்தை மீண்டும் திறந்தார். 1938இல் அது மூடப்பட்டது.

அந்த எண்ணம் அதோடு முடிந்துவிடவில்லை. 1980இல் பிரிட்டனில் தொடங்கிய லிம்மூத் கூட்டங்களில் கற்பிப்பவரும் கற்பவரே, பட்டங்கள் சொல்லப்படுவதில்லை, எல்லாப் பிரிவினரும் பிரிவில்லாதவரும் ஒரே கூரையின்கீழ் படிக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் ரபிகள் அங்கே போகலாமா என்பது நெடுநாள் சர்ச்சை. போனால் மற்றப் பிரிவுகளின் போதனையை ஏற்றதாகிவிடும் என்று ஒரு தரப்பு. கற்க வந்தவர்களை விட்டு விலகி நிற்க உரிமையில்லை என்று இன்னொரு தரப்பு. 2013இல் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ரபி எஃப்ராயிம் மிர்விஸ், எதிர்ப்புகளை மீறி அங்கே போய்ப் பாடம் நடத்தினார். எதிர்த்தவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.