தூணைச் சுரண்டிப் பார்!

"இந்தப் பழைய வீட்டை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்கிறாயா?

ஏன்? பதினாறடி அகலம்தான் என்பதாலா? மழைக்கு ஒழுகுகிறது என்பதாலா? கட்டையில் கரையான் என்பதாலா?

இவ்வளவுதானா உன் காரணம்?

புதுச்சேரி வைசியாள் வீதியில் போய் நின்று பார். திண்ணையும் தாழ்வாரமுமாக வரிசைகட்டி நிற்கும் தமிழ் வீடுகள். அவையும் ஒரு காலத்தில் சரிந்துகொண்டுதான் இருந்தன!

வீட்டுக்காரர்கள் கைவிடவில்லை. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கை கொடுத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது அந்த வீதியைத் தேடி வந்தது.

அவர்களுக்கு முடிந்தது உனக்கு முடியாதா?

நானும் பயந்தவன்தான். செலவுக்குப் பயந்து, ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட்டை அப்பினேன்.

ஒரே ஒரு மழைக்காலம்! சுவர் பொருமியது. உப்புப் பூத்தது. பாளம் பாளமாக விழுந்தது. வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் புரிந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லைத் தின்றுவிடும்.

முழுவதையும் கொத்தி எறிந்தேன். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்தேன். கடுக்காயும் வெல்லமும் கலந்த தண்ணீர் விட்டுக் குழைத்தோம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது!

தோற்றாயா? கொத்தி எறி! மறுபடி பூசு!

கரையானுக்கா நடுங்குகிறாய்? கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியால் குத்து. மெத்தென்று உள்ளே போகிறதா? அந்த நுனியை மட்டும் அறுத்து, புதுத் தேக்கை ஒட்டுப்போடச் சொல் ஆசாரியிடம். நுனி உளுத்ததற்கு முழுக்கட்டையையும் கழற்றுவாயா?

"குட்டி வீட்டில் நவீன வசதி எப்படி?" என்று இழுக்காதே!

முற்றத்தை மூடிய கான்கிரீட்டை உடை. மேலே கண்ணாடி போடு, ஓரத்தில் காற்றுக்கு வழி விடு. பட்டப்பகலில் விளக்குப் போட்ட வீடு அன்றே விழித்துக்கொள்ளும்!

மாடிப்படிக்கு அடியில் அலமாரி. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. வெள்ளைச் சுவர், மறைவிளக்கு, கால் உயர்ந்த மெலிந்த சோபா. தரையில் ஆத்தங்குடிக் கல் பளிச்சென்று தெரிய வேண்டாமா? இன்றும் கண்ணாடிப் பலகைமேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கும் கல் அது. அதை மெத்தை விரிப்பால் மூடாதே!

பணம் இல்லையா? இந்த வருஷம் கூரை. ஒழுகலை நிறுத்தாமல் உள் அலங்காரத்துக்கு ஒரு ரூபாய்கூட இறக்காதே! அடுத்த வருஷம் ஒரே ஓர் அறை. யார் துரத்துகிறார்கள் உன்னை?

இன்றைக்குச் செய்யக் காசே வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. உன் வீட்டில் எனாமல் பூசிய தூண் இருக்கிறதே, அது!

ஓர் உள்ளங்கை அகலம் சுரண்டு. பச்சை உதிரும். அடியில் நீலம். அதற்கும் அடியில் காவி. கை வலிக்கும், நிறுத்தாதே! இன்னும் கொஞ்சம்...

இதோ, தேக்கின் ரேகை! உன் தாத்தாவின் தாத்தா தொட்ட மரம்!

இதையா இடிக்கப் பார்த்தாய்?

எழுந்திரு. ஏணி எங்கே?