படத்தில் விழாத ஊர்

புதுச்சேரிக்குக் காமிராவும் கையுமாக வருகிறவர்கள் பெரும்பாலும் கடலோரத் தெருக்களிலேயே சுற்றி வருவார்கள். மஞ்சள் பூசிய மதிற்சுவர், உயர்ந்த தூண், கொடி படர்ந்த வாசல் என்று படச்சுருளும் பொழுதும் அங்கேயே தீர்ந்துவிடும். அதே ஊரைச் சேர்ந்த மேட்டுப்பாளையத்தை யாரும் தேடிப் போவதில்லை. அங்கே இருப்பது தொழிற்பேட்டை. லாரிகளும் பட்டறைகளும் புகையும். 'அங்கே என்ன சரித்திரம் இருக்கிறது?' என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கேட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடும் ஒரு காலத்தில் வெறும் மேடுதானே! தென்னந்தோப்புக்கு நடுவே பிள்ளைகள் மணி பொறுக்கி விளையாடிய இடம் அது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த பிறகுதான், இத்தாலியில் வனைந்த மண்கலங்கள் கடல் கடந்து வந்து இறங்கிய துறை அது என்று உலகம் தெரிந்துகொண்டது. தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. இன்று அங்கே போகிறவர் கண்ணில் படும் செங்கற்சுவர், 18-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் கட்டிய கட்டிடத்தின் மிச்சம். விவரம் கேளாமல் படம் எடுப்பவர் அதையே ரோமாபுரிக் காலத்துச் சுவர் என்று நம்பி வீடு திரும்பலாம். காமிரா பொய் சொல்லாது என்கிறோம். அதற்குக் காலமும் தெரியாது, பெயரும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறோம்.

பழைய ஊர்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1955-ல் இங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், தென்னாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். 1994-ல் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரான ஸ்ரீபுரந்தானில் ஒரு நடராஜரையும் எடுத்து வைத்தார்கள். பின்னால் அந்தச் சிலை களவு போயிற்று. 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியது. 'இது எங்கள் ஊர்ச் சாமி' என்று நிரூபிக்க உதவியவற்றுள் அந்தப் பழைய படமும் ஒன்று. 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஆனால், இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. சிலையை மீட்க உதவிய படத்தால் சிலையைக் காக்க முடியவில்லை. காக்க வேண்டியது மனிதர்கள். படம் எடுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஒரு சமூகம் நினைக்கத் தொடங்கினால் அந்தப் படம் நோய்க்கு மருந்தாகாது. தூக்கத்துக்கு மருந்தாகத்தான் இருக்கும். அது மட்டுமல்ல. எந்த ஊரில் எந்தச் சிலை காவலின்றி நிற்கிறது என்று நல்லவனுக்குக் காட்டும் படம் கள்ளனுக்கும் வழி காட்டும். எதை ஊரறியச் சொல்வது, எதைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது என்ற பொறுப்பும் எடுப்பவனையே சேர்ந்தது.

'மறக்கப்பட்ட ஊர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் மறந்தது? அங்கே பிறந்து, அங்கே உழைத்து, அங்கேயே மண்ணாகிறவர்கள் மறக்கவில்லை. மறந்தவர்கள் நாம், பழியை ஊரின் மேல் போடுகிறோம். இடிந்த மண்டபத்தைப் படம் எடுக்கும்போது, நிழலுக்காக அதில் உட்கார்ந்திருக்கும் கிழவரை 'சற்றுத் தள்ளி இருங்கள், தாத்தா' என்கிறோம். அந்த மண்டபத்தைப் பற்றி நமக்கு நாலு வார்த்தை சொல்லக்கூடியவரே அவர்தான்! அவரை விலக்கிவிட்டு எடுத்த படத்தில் கல் இருக்கும், சரித்திரம் இருக்காது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினாரே, அழகான காட்சிகளையா பொறுக்கி எழுதினார்? கப்பல் வரவையும், சரக்கு விலையையும், ஊர் வம்பையும், சண்டையையும் சேர்த்தே எழுதினார். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அவர் பார்த்த புதுச்சேரி கல்லில் அதிகம் மிஞ்சவில்லை, எழுத்தில் மிஞ்சியது. நாம் இன்று பழமை என்று மயங்கிப் படம் எடுக்கும் தெருக்கள், பெரும்பாலும் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவைதாம்.

ஆகவே, எடுப்பவனுக்குக் கொடுக்கும் கடனும் உண்டு என்பேன். படத்தின் பின்னால் ஊர்ப் பெயரும் தேதியும், விவரம் சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ வாசகசாலைக்கோ போய்ச் சேர வேண்டும். நம் அலமாரியில் மட்டும் இருக்கும் வரை அது ஊரின் சரித்திரம் ஆகாது. நாம் ஊர் சுற்றியதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இந்தக் கடனை உணர்ந்தவர் மேட்டுப்பாளையத்துக்கும் போவார். பட்டறை வாசலில் கரி படிந்த கைகளோடு நிற்பவரிடம், முன்னே இந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்பார். அழகில்லை என்பதற்காக ஓர் ஊரை விட்டுவிடுவது, ஏழை என்பதற்காக உறவினரை விட்டுவிடுவது போன்றதுதான். இன்றைக்கு அங்கே கேட்காமல் விட்டதை, ஐம்பது ஆண்டு கழித்து எந்த மண்ணைத் தோண்டி எடுப்போம்?