தகுதி கேட்காத தள்ளுபடி

வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் தவித்த குடும்பங்களுக்காக 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. மறுநாளே சிகாகோ வர்த்தகச் சந்தையில் நின்றபடி சி.என்.பி.சி. தொலைக்காட்சியின் ரிக் சாண்டெல்லி கொதித்தார். கட்ட வக்கில்லாத பக்கத்து வீட்டுக்காரனின் கடனை உங்களில் யார் கட்டத் தயார் என்று சுற்றியிருந்த தரகர்களிடம் கேட்டார். யாரும் தயாராக இல்லை. அரசுச் செலவை எதிர்த்த ‘டீ பார்ட்டி’ இயக்கம் சூடுபிடித்தது அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான். கேட்டவர் வணிகச் செய்தியாளர் என்றாலும், கேள்வி என்னவோ மதபோதகர் கேட்க வேண்டியது: கடன்பட்டு நொடித்தவன் இரக்கத்துக்குத் தகுதியானவனா? அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா வந்தபோதும் மக்களுக்குக் கோபம் இருந்தது. பிரதிநிதிகள் சபை முதல் வாக்கெடுப்பில் அதைத் தோற்கடிக்கவும் செய்தது. ஆனாலும் சில நாட்களில் அது சட்டமாகிவிட்டது. வங்கிகள் யோக்கியமானவை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவை விழுந்தால் எல்லாம் விழும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. கடனை மன்னிக்க அமெரிக்காவுக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் என் எண்ணம். பெரிய கடனாளி வந்தால் அவசியத்தைப் பார்க்கிறது, சிறிய கடனாளி வந்தால் யோக்கியதையை விசாரிக்கிறது.

இந்த இரட்டை அளவுகோலுக்குக் குடியரசின் வயது. 1786–87இல் மாசசூசெட்ஸின் விவசாயிகள், கடனுக்காக நிலம் பறிபோவதைத் தடுக்க நீதிமன்றங்களை மறித்தார்கள். டேனியல் ஷேஸ் பெயரால் அறியப்படும் அந்தக் கலகத்தை அடக்கிய படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள். பத்தாண்டு கழித்து ராபர்ட் மோரிஸின் முறை வந்தது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், புரட்சிப் போருக்குப் பணம் திரட்டியவர். விலை ஏறும் என்று நம்பி, கடன் வாங்கி லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் குவித்தார். ஏறவில்லை. 1798இல் ஃபிலடெல்ஃபியாவின் கடனாளிச் சிறைக்குள் போனார். 1800இல் நாட்டின் முதல் தேசியத் திவால் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் 1801இல் வெளியே வந்தார். அந்தச் சட்டம் வணிகர், வங்கியாளர், தரகர் போன்றோருக்கு மட்டும். உழவனுக்கோ கைவினைஞனுக்கோ அதில் இடமில்லை. வணிகன் நொடித்தால் காலத்தின் கோளாறு, உழவன் நொடித்தால் குணத்தின் கோளாறு.

வீட்டுச் சந்தைக் குமிழி வெடித்தபோதும் இதே தீர்ப்புதான் ஒலித்தது: சக்திக்கு மீறி வீடு வாங்கினார்கள், அனுபவிக்கட்டும். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் குமிழி ஊதப்பட்ட விதத்தைப் பார்த்தால், பேராசையை யார் தலையில் கட்டுவது என்பது அவ்வளவு சுலபமில்லை. கடன் தரம் குறைந்தவர்களுக்குக் கொடுத்த ‘சப்-பிரைம்’ கடன்கள் பலவற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் வட்டி குறைவு, பிறகு எகிறும். வருமானச் சான்று கேட்காமலே கொடுத்த கடன்களும் உண்டு. கொடுத்த நிறுவனம் அந்தக் கடனைக் கையோடு வால் ஸ்ட்ரீட்டில் விற்றுவிடும். அசல் திரும்புமா என்ற கவலை அதற்கு எதற்கு? அங்கே ஆயிரக்கணக்கான கடன்களைக் கலந்து, துண்டுபோட்டு, பெரும்பகுதிக்கு ‘ஏஏஏ’ தரச்சான்று வாங்கி உலகெங்கும் விற்றார்கள். வீட்டு விலை ஏறும்வரை பழைய கடனைப் புதுக்கடனால் அடைக்கலாம். 2006இல் ஏற்றம் நின்றதும் அந்த வழி அடைபட்டது. கன்ட்ரிவைட் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின, லத்தீன் கடனாளிகளிடம், அதே தகுதியுள்ள வெள்ளையரைவிடக் கூடுதலாக வட்டியும் கட்டணமும் வாங்கியது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது, 2011இல் 33.5 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 2005க்கும் 2009க்கும் இடையே இடைநிலைக் குடும்பத்தின் சொத்து வெள்ளையரிடையே 16 சதவீதமும், கறுப்பினத்தவரிடையே 53 சதவீதமும், லத்தீன் மக்களிடையே 66 சதவீதமும் சரிந்தது. குணக்கேடு இனவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று நம்பினால் ஒழிய, இந்த எண்களைத் தகுதியால் விளக்க முடியாது.

பைபிள்மேல் கைவைத்து அதிபர்கள் பதவியேற்கும் நாட்டில், கடனைப் பற்றி அந்த நூல் சொல்வது ஏன் செவியில் ஏறவில்லை என்பது வியப்புதான். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாக வைக்கிறது. வறுமையால் விற்ற நிலம் அந்த ஆண்டில் குடும்பத்துக்குத் திரும்பும். தன்னையே விற்றுக்கொண்டவன் விடுபடுவான். ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மணியில் பொறித்திருப்பது இந்த அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில், விடுதலையை அறிவிக்கச் சொல்லும் ஒரு பாதி. அவரவர் நிலத்துக்குத் திரும்புவதைச் சொல்லும் மறுபாதி அதில் இல்லை. (மணியில் இடம் போதவில்லை என்றும் வாதிடலாம்.) யூபிலி யாரையும் விசாரிப்பதில்லை. சோம்பேறியா, குடிகாரனா, பஞ்சத்தில் பயிரைப் பறிகொடுத்தவனா என்று கேட்காது. ஆண்டு வந்தால் கணக்கு முடிந்தது. மன்னிப்பது நாட்காட்டி என்பதால், ஏழை எவர் முன்னும் தன் ஒழுக்கத்தை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. அடுத்த யூபிலிக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணி, அத்தனை அறுவடையின் மதிப்புக்குத்தான் நிலத்தை விற்கலாம். நாளை இன்னொரு ஏமாளி அதிகம் கொடுப்பான் என்று நம்பி வாங்க அங்கே வழியே இல்லை. குமிழியை ஊதவே விடாத ஏற்பாடு அது. ஓட்டைகளும் இருந்தன: மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் வாங்கியவனுக்கே நிரந்தரம், அந்நிய அடிமைக்கு விடுதலையே கிடையாது. முழுமையாக நடைமுறையில் இருந்ததா என்பதிலும் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. தகுதி கேட்காமலும் கடனைத் தீர்க்கலாம் என்று ஒரு சமூகம் எண்ணிப் பார்த்திருக்கிறது, அதுவே எனக்கு முக்கியம்.

ஒழுங்காகக் கட்டியவளுக்கு இது அநீதி இல்லையா? சாண்டெல்லியின் கூச்சலில் இருந்த நியாயம் இதுதான், தட்டிக்கழிக்க முடியாது. இரண்டு வேலை பார்த்துத் தவணை கட்டியவள், கட்டாதவனுக்குச் சலுகை என்றதும் புழுங்கத்தான் செய்வாள். திராட்சைத் தோட்டத்தில் விடியலிலிருந்து உழைத்தவர்கள், மாலையில் வந்தவனுக்கும் அதே கூலியா என்று முணுமுணுத்த கதையைச் சொன்ன இயேசு அந்த முணுமுணுப்பை மறைக்கவில்லை. ஆனால் தெருவில் நான்கு வீடுகள் ஏலத்துக்குப் போனால் அவள் வீட்டின் விலையும் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரனைக் காப்பாற்றினால் அவளுக்கு வயிற்றெரிச்சல். கைவிட்டால் பண நஷ்டம். இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றும் உண்டு: வங்கிகள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தன, அரசுக்கு அதில் லாபம்கூட வந்தது, அதை எப்படி மன்னிப்பு என்பது? உண்மைதான். ஆனால் சந்தை கைவிரித்த வாரங்களில் அவற்றுக்குக் கிடைத்தது காலம். 2008 டிசம்பரிலிருந்து ஏழு ஆண்டுகள் மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்ததும் காலம் கொடுத்ததுதான். வேலையிழந்த தச்சனுக்கும் அப்படிக் காலம் கிடைத்திருந்தால், அவனும் கட்டி முடித்திருக்கக்கூடும். 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவும் என்று ஒபாமா அரசு அறிவித்த திட்டம் அந்த எண்ணிக்கையை எட்டவேயில்லை.

தள்ளுபடி உண்டென்றால் எவனும் கடன் தரமாட்டான், முதலில் அடிபடுவது ஏழைதான் என்பது மிகப் பழைய மறுப்பு. யூத மரபே இதைச் சந்தித்தது. ஏழாம் ஆண்டில் கடன் அற்றுப்போகும் என்ற உபாகம விதியால் பணக்காரர்கள் கையை மூடிக்கொண்டதைக் கண்ட ரபி ஹில்லேல், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து உயிரோடு வைத்துக்கொள்ளும் ஒரு பத்திரமுறையைக் கொண்டுவந்தார். ஏழைமேல் அவருக்குப் பகையில்லை. ஆகவே இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்க அனுபவம் வேறுவிதமாகச் சாட்சி சொல்கிறது. 2009 ஜூனில் திவால் மனு கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ், அரசு உதவியோடு எழுந்து 2010 நவம்பரில் பங்கு விற்க வந்தபோது வாங்க ஆளிருந்தது. குடும்ப விவசாயிகளின் அடமானக் கடனை நிலத்தின் அன்றைய மதிப்புக்குக் குறைக்க 1986 முதல் திவால் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கிராமத்துக் கடன் அதனால் வற்றிவிடவில்லை. இரண்டாவதாக வாங்கிப் போட்ட கடற்கரை வீட்டின் கடனையும் நீதிபதி குறைக்கலாம். குடும்பம் குடியிருக்கும் வீட்டின் கடனில் மட்டும் கைவைக்கச் சட்டம் விடுவதில்லை. அந்த விலக்கை நீக்க செனட்டர் டிக் டர்பின் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வட்டி ஏறிவிடும் என்று வங்கிகள் எதிர்த்தன. 2009 ஏப்ரல் 30 அன்று அதற்கு ஆதரவாக 45 வாக்குகளும் எதிராக 51 வாக்குகளும் விழுந்தன.