இரகசியம் யாருக்குச் சொந்தம்?

மருத்துவரிடம் நாம் எதையும் மறைப்பதில்லை. உற்றார் காணக் கூசும் புண்ணையும் அவர் முன் திறந்து காட்டுகிறோம். அவர் அறிந்துகொள்வது நம் நலனுக்காகவே என்னும் நம்பிக்கைதான் அதற்குக் காரணம். ஆனால் அதே மருத்துவர், அதே கனிவோடு நம் வீட்டு வாசலில் அமர்ந்து, நம் வழிபாட்டின் மறைபொருளையும் மறைந்த முன்னோரின் பெயர்களையும் கேட்டறிந்து, அவற்றை உலகறிய அச்சிடுவாரானால் என்ன சொல்வோம்? அந்த அறிவு யாருடைய நலனுக்கு? டாக்டர் ரிவர்ஸ் என்பாரின் வாழ்வு இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமை முதலே அவருக்குத் திக்குவாய். இலண்டனில் மருத்துவம் பயின்று 1886இல் பட்டம் பெற்றார். கப்பல் மருத்துவராகக் கடல்களைச் சுற்றினார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐம்புலன்களின் இயக்கத்தைக் கற்பித்தார். 1898இல் ஹாடன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் அவரும் ஒருவர். தீவு மக்களின் கண்கள் விலங்குகளின் கண்களைப் போல் கூர்மையானவை என்று ஐரோப்பியர் பலர் நம்பிய காலம் அது. ரிவர்ஸ் சோதித்துப் பார்த்தார். அவர்களுடைய பார்வை ஐரோப்பியரின் பார்வையினின்று பெரிதும் வேறுபட்டதன்று என்றும், பழகிய சூழலை உற்று நோக்கும் பயிற்சியே அவர்களுக்குக் கைகொடுக்கிறது என்றும் கண்டார். மனிதர் அனைவரும் ஓரினமே என்பதற்கு அறிவியல் தந்த நல்லதொரு சான்று அது.

புலன்களின் ஆற்றல் தலைமுறை தலைமுறையாக வருகிறதா என்று அறிய, அவர் அத்தீவினரின் குடிவழியைக் கேட்டு எழுதலானார். எழுத எழுத, ஒரு சமூகத்தின் உறவுமுறை முழுவதும் அந்தப் பெயர்ப்பட்டியலுக்குள் அடங்கியிருப்பது புலனாயிற்று. மருத்துவர் மானிடவியலாளரானது இப்படித்தான்.

அந்த முறையோடுதான் 1901இல் அவர் நீலகிரிக்கு வந்து, தோடரிடையே சில மாதங்கள் தங்கினார். தோடருக்கு எருமை வெறும் கால்நடையன்று. பால் கறப்பதும் கடைவதும் அவர்களுக்கு வழிபாடு, பால்மனையே ஆலயம். இறந்தோரின் பெயரைச் சொல்வது அவர்களிடையே விலக்கு. ஆகவே ஒருவரின் முன்னோர் பெயர்களைப் பிறரிடம் கேட்டே அவர் குறித்துக்கொண்டார். அவ்வாறு சேர்ந்த செய்திகள் 1906இல் எழுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூலாயின.

அந்நூலின் தொடக்கத்தில் ரிவர்ஸே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். புனிதச் சடங்கொன்றை அவருக்குக் காட்டிய ஒருவரின் மனைவி இறந்தாள். புனித இடத்துக்கு அவரை அழைத்துச் சென்ற இன்னொருவர் நோயுற்றார். செய்தி சொன்ன வேறொருவரின் ஊர்ப் பால்மனை எரிந்துபோயிற்று. இரகசியங்களை அந்நியருக்கு வெளியிட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று குறிசொல்வோர் கூறினர். அதன்பின் பலர் வாய் திறக்கவில்லை.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. தீ எதனால் பற்றியது என்பது நம் கேள்வியன்று. தமக்கு உரியதல்லாத ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று அம்மக்களின் மனச்சான்று நொந்தது. அந்த வேதனை உண்மையானது. ரிவர்ஸ் அதை மறைக்கவில்லை. அது அவரது நேர்மை. ஆயினும் கேட்டவற்றை அவர் அச்சிட்டார்.

இதில் நாமும் வெளியாட்கள் அல்லோம். 1603இலேயே இயேசு சபைக் குரு ஃபெனிசியோ, மறக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் மலைமேல் வாழக்கூடும் என்ற பேச்சைக் கேட்டு, மலபாரிலிருந்து ஏறிச் சென்று தோடரைக் கண்டார். அவர் எழுதிய குறிப்பை ரிவர்ஸ் தம் நூலின் பின்னிணைப்பில் சேர்த்துள்ளார். ரிவர்ஸுக்கு மொழிபெயர்த்து உதவியவர்களுள் ஒருவரும் சீர்திருத்த சபையின் உபதேசியாரே.

நீலகிரியிலிருந்து திரும்பியபின், 1903இல், ரிவர்ஸ் வேறொரு சோதனையில் ஈடுபட்டார். அவருடைய நண்பரான மருத்துவர் ஹென்றி ஹெட், தம் கையின் நரம்பொன்றைத் துண்டிக்கச் செய்தார். உணர்வு எவ்வாறு மீள்கிறது என்பதை ரிவர்ஸ் ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார். ஹெட் வலியைத் தாங்கினார். ஆனால் எதற்காக என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று நிறுத்த அவரால் இயலும். 1908இல் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. அறிதல், மறுத்தல், பங்குபெறுதல் என்னும் இம்மூன்று உரிமைகளும் தோடருக்கு எந்த அளவு இருந்தன? மறுத்தார்கள், ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை.

முதல் உலகப் போரின்போது ரிவர்ஸ் மீண்டும் மருத்துவரானார். ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில், போரின் கொடுமையால் மனம் சிதைந்த அதிகாரிகளைக் கவனித்தார். கவிஞர் சசூன் அவரிடம் 1917இல் வந்தார். நடந்ததை மறந்துவிடு என்று ரிவர்ஸ் சொல்லவில்லை. நினைவை எதிர்கொள்ளத் துணைநின்றார். ஆயினும் குணமானவர் போர்முனைக்குத் திரும்பவேண்டும் என்பதே அரசின் எதிர்பார்ப்பு, சசூனும் திரும்பினார். ஆக, குணமாக்கும் அறிவும் யாருக்குப் பணிபுரிகிறது என்ற கேள்வியிலிருந்து தப்புவதில்லை.

1922இல் ரிவர்ஸ் பதிப்பித்த நூலொன்று, மெலனீசியத் தீவுகளில் மக்கள்தொகை குறைவதை ஆராய்ந்தது. வெளியார் கொணர்ந்த நோய்கள் மட்டும் காரணமல்ல. அம்மக்களின் வாழ்வுக்குச் சுவையும் பொருளும் தந்த வழக்கங்களை அந்நியர் தடுத்ததால் அவர்கள் வாழும் விருப்பத்தையே இழந்தனர் என்று அவர் வாதிட்டார். கேட்டறிந்த அறிவு இங்கே அம்மக்களுக்காகவே பேசிற்று. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் அவர் காலமானார்.

அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. நூலில் பதிந்ததால் அழியாது நிலைத்தவை உண்டு. ஆனால் நாமும் ஏழையின் குடிசைக்குள் நுழைந்து அவர் துயரைக் கேட்கிறோம், அறிக்கை எழுதுகிறோம், நன்கொடையாளருக்கு அனுப்ப அவர் குழந்தையைப் படமெடுக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போவதாயினும் வெளியிடார் என்பதை நன்கறிந்த நாம், வறியவர் நம்மிடம் திறந்த உள்ளத்துக்கு எந்த முத்திரை இடுகிறோம்? எதற்காகக் கேட்கிறோம் என்று அவருக்குச் சொன்னோமா? மறுக்க அவருக்கு வாய்ப்பு இருந்ததா? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது?

அடுத்த முறை குறிப்பேட்டைத் திறக்குமுன் இம்மூன்றையும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.